பங்கீடும் ஞாபகமும்

2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி விடியற்காலையில், மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகமுள்ள காற்றோடு ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்து, பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரங்களையும் முந்திரித் தோப்புகளையும் வேரோடு சாய்த்து, மின்கம்பங்களைத் தெருத்தெருவாகப் படுக்கவைத்துவிட்டுப் போனபோது, 1962 முதல் பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் உண்டாக்கிவரும் நெய்வேலியைத் தன் எல்லைக்குள்ளேயே வைத்திருக்கும் கடலூர் மாவட்டம், நாட்கணக்கில், சில கிராமங்களில் வாரக்கணக்கில், இருளில் கிடந்தது. விளக்கில்லாத இரவுகளையும் தண்ணீர் ஏறாத தொட்டிகளையும் பற்றி ஊரெங்கும் பேச்சு. மின்சாரம் அறுந்த அந்தக் கணத்தில் ஒரு கணிப்பொறியின் உள்ளே என்ன அழிகிறது, மின்சாரம் திரும்பும்போது அவற்றுள் எது மீள்கிறது, எது மீளாமலே போய்விடுகிறது என்ற விஷயம் யாருடைய பேச்சிலும் வரவில்லை. வருவதற்கு அது சமயமும் அல்ல. ஆனால் வருஷந்தோறும் வடகிழக்குப் பருவக்காற்றை எதிர்நோக்கி நிற்கும் கடற்கரையில் இருப்பவர்கள் சாவகாசமாக ஒருநாள் உட்கார்ந்து யோசிக்கத் தகுந்த விஷயம்தான் அது.

கணிப்பொறியின் தற்காலிக நினைவகத்தில் ஒவ்வொரு துணுக்குச் செய்தியும் கண்ணுக்குப் புலப்படாத ஒரு மின்தேக்கியில் ஏற்றிவைத்த மின்னூட்டமாகவே இருக்கிறது. அந்த மின்னூட்டம் தானாகவே கசிந்துவிடும் இயல்புடையது. ஆகையால் வழக்கமாக 64 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை யந்திரம் ஒவ்வொன்றையும் படித்துத் திரும்பவும் ஏற்றிவைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. ஏற்றுகிற கை நின்றால் எழுத்து கலைந்துவிடும். காந்தத் தட்டிலோ, மின்சாரம் நின்றாலும் அழியாத திடநிலைச் சில்லிலோ எழுதிவைத்தது மட்டுமே எஞ்சும். இவ்வளவும் பள்ளிப் பிள்ளைகள்கூட இன்று அறிந்தவை. எழுதிக்கொண்டிருந்த கடிதத்தைச் சேமிக்காமல் மின்வெட்டில் இழந்தவர் வீட்டுக்கு ஒருவர் இருப்பார். ஆனால் கடிதத்தைப் போலன்றிக் கண்ணுக்கே தெரியாத வேறொரு வகைச் செய்தியும் நினைவகத்தில் குடியிருக்கிறது. யந்திரம் தன் வேலைகளைத் தனக்குள் எவ்வாறு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று அதன் நிர்வாகி செய்துவைத்த ஏற்பாடே அது. பெரிய சர்வர்களில் இந்த ஏற்பாட்டைச் சேமிப்பது தனியானதொரு காரியம். அதைப் பற்றியதே இக்கட்டுரை.

சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில் 1929-இல் தோன்றிய பல்கலைக்கழகத்தைப் போன்ற ஒரு பெரிய கல்வி ஸ்தாபனத்தை, உதாரணத்துக்காக மட்டும், மனத்தில் வைத்துக்கொள்வோம். அதன் கணிப்பொறிக் கூடத்தில் முப்பத்திரண்டு செயலிகள் கொண்ட ஒரு சர்வர் இருப்பதாகக் கற்பனை செய்வோம். அந்த ஒரே யந்திரத்தில் மூன்று வகைப் பணிகள் நடக்கின்றன. மாணவர்கள் தங்கள் மதிப்பெண்ணைப் பார்க்க வந்து போகும் பரீட்சை முடிவுப் பணி ஒன்று. இது சாதாரண நாட்களில் தூங்கிவழியும், முடிவு வெளியாகும் நாளில் மட்டும் வெள்ளமாகப் பெருகும். மாதக் கடைசியில் சம்பளக் கணக்குப் போடுவது மற்றொன்று. பரங்கிப்பேட்டைக் கடல்வாழ் உயிரியல் மையத்து ஆராய்ச்சி மாணவர் ஒருவர் வெள்ளாற்று முகத்துவாரத்தின் உப்புத்தன்மையையும் ஓதத்தையும் பற்றி இரவு பகலாக ஓட்டிக்கொண்டிருக்கும் நீண்ட கணிதம் மூன்றாவது. இந்த மூன்றாவது பணிக்கு அவசரம் என்பது கிடையாது, ஆனால் பசி அபாரம். எத்தனை செயலிகளைக் கொடுத்தாலும் அத்தனையையும் விழுங்கிவிட்டு இன்னும் கேட்கும். முடிவு வெளியாகும் நாளில் அதுவும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

இயக்க முறைமையின் உள்ளுறையான கெர்னல் இந்தப் போட்டியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை. ஒவ்வொரு பணிக்கும் ஒரு சிறு கால அளவு செயலியைக் கொடுத்து, அது தீர்ந்ததும் பிடுங்கி அடுத்ததற்குக் கொடுக்கும் முறை அறுபதுகளிலிருந்தே வழக்கில் இருக்கிறது. சோலாரிஸ் என்னும் இயக்க முறைமையின் சாதாரண வகுப்பில் அந்த அளவு, பணியின் தகுதியை ஒட்டி, 20 முதல் 200 மில்லிசெகண்டு வரை இருக்கும். நியாயமான முறைதான். ஆயினும் இதில் மறைமுகமான ஒரு செலவு உண்டு. செயலி ஒவ்வொன்றும் தான் அடிக்கடி தொடும் தரவுகளைத் தன் அருகிலேயே ஒரு சிறிய வேகமான நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. அங்கிருந்து எடுக்க ஏறத்தாழ ஒரு நானோசெகண்டு போதும், பிரதான நினைவகத்துக்குப் போய்வர நூறு நானோசெகண்டு அளவுக்கு ஆகும். ஒரு பணியை அகற்றிவிட்டு மற்றொன்றை அந்தச் செயலியில் அமர்த்தும்போது, வந்தவன் முந்தியவனின் தரவுகளை வெளியேற்றித் தன்னுடையவற்றைக் கொணர்ந்து நிரப்புகிறான். முந்தியவன் திரும்பி வரும்போது எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து கொணர வேண்டும். சில சமயங்களில் இந்தப் போக்குவரத்தே உண்மையான வேலையைக் காட்டிலும் மிகுந்துவிடுகிறது. இன்னின்ன செயலிகள் இன்ன பணிக்கே உரியவை என்று நிரந்தரமாகப் பிரித்துவிட்டால் இந்த உபத்திரவம் குறையும் என்ற எண்ணம் அங்கிருந்துதான் பிறந்தது.

செயலி ஒன்றே ஒன்றாக இருந்த காலத்தில் இப்பிரச்னைக்கு இடமே இல்லை. 1973-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் நிறுவப்பட்ட ஐ.பி.எம். 370/155, தன் காலத்துக்கு மகத்தான யந்திரமாயினும், அதில் பகிர்ந்துகொள்ள நேரம் மட்டுமே இருந்தது. எண்பதுகளின் இறுதியில் பருவமழையை முன்கணிக்கவென்று டெல்லிக்கு வந்த க்ரே எக்ஸ்-எம்.பி./14-இன் பெயரிலுள்ள ‘1’ அதற்கு ஒரே செயலி என்பதைக் குறிக்கிறது; இரண்டு செயலிகள் கொண்ட உயர்ந்த மாதிரியைத்தான் இந்தியா கேட்டது, அமெரிக்க அரசு அதைத் தர மனமில்லாமல் ஒற்றைச் செயலியோடு நிறுத்திக்கொண்டது. அந்த மறுப்பு நமக்குச் செய்த உபகாரம் பெரிது. அதன் விளைவாகப் புனேயில் 1988-இல் எழுந்த ‘சி-டாக்’ நிறுவனம், 1991-இல் சிறு செயலிகள் பலவற்றை ஒன்றாகப் பிணைத்துப் ‘பரம் 8000’ என்ற யந்திரத்தைச் செய்து காட்டியது. 1998-இல் வெளிவந்த ‘பரம் 10000’ சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனியின் சர்வர்களை அடுக்கிக் கோத்து, அவர்களுடைய சோலாரிஸ் முறைமையையே ஆதாரமாகக் கொண்டு இயங்கியது. செயலிகளைப் பங்கிடும் கலை அதிகத் தெளிவோடு வளர்ந்ததும் அந்தச் சோலாரிஸில்தான் என்பது என் அபிப்பிராயம். அறுபத்துநான்கு செயலிகள் வரை ஏற்கும் சர்வர்களை 1997-இலேயே விற்கத் தொடங்கிய கம்பெனிக்கு அது விளையாட்டாக இருந்திருக்க முடியாது.

அதே 1997-இல் வந்த சோலாரிஸ் 2.6-இல், செயலிகளைக் குழுக்களாகப் பிரித்து ஒவ்வொரு பணியையும் ஒரு குழுவோடு கட்டிவைக்கும் வசதி வந்தது. கட்டளை ஒன்று தட்டினால் குழு பிறக்கும். மற்றொன்று தட்டினால் பணி அதனுள் புகும். ஆனால் அந்தக் குழு கெர்னலின் நினைவில் மட்டுமே வாழ்ந்தது. யந்திரம் நின்று மறுபடி எழுந்தால் குழுவும் இல்லை, கட்டும் இல்லை. எல்லாச் செயலிகளும் எல்லோருக்கும் பொதுவாகிவிடும். நிர்வாகிகள் இதற்குக் கண்ட பரிகாரம், யந்திரம் துவங்கும்போது தானாக ஓடும் சிறு நிரலொன்றில் அதே கட்டளைகளை வரிசையாக எழுதிவைப்பது. பகலில் அவசரத்துக்கு ஒரு செயலியை இங்கிருந்து அங்கே மாற்றியவர் அந்த நிரலையும் திருத்த மறந்துவிட்டால், ஓடுகிற யந்திரம் ஒன்றைச் சொல்லும், எழுதிய நிரல் வேறொன்றைச் சொல்லும். இவ்விரண்டில் எது உண்மை என்று மின்சாரம் போய் வந்த பிறகுதான் தெரியும்.

2002-இல் வந்த சோலாரிஸ் 9 இந்தக் குழப்பத்துக்கு ஓர் ஒழுங்கு கொடுத்தது. செயலிக் குழுவோடு, அக்குழுவில் பணிகளை எந்த நியாயப்படி வரிசைப்படுத்துவது என்ற விதியையும் சேர்த்து ஒரு தொகுப்பாக்கினார்கள். ‘ரிசோர்ஸ் பூல்’ என்பது அதன் பெயர், கணிப்பொறிக் கூடங்களில் வெறுமே ‘பூல்’ என்பார்கள். ஒவ்வொரு செயலிக் குழுவுக்கும் இத்தனைக்குக் குறையாமல், இத்தனைக்கு மேற்படாமல் என்று இரண்டு எல்லைகளைச் சொல்லிவிடலாம். நம்முடைய கற்பனைச் சர்வரில் பரீட்சை முடிவுக்கு எட்டு முதல் இருபது வரை, சம்பளக் கணக்குக்கு இரண்டு முதல் ஆறு வரை, ஓத ஆராய்ச்சிக்கு நான்கு முதல் பதினாறு வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இவற்றில் சேராத சில்லறைப் பணிகளுக்கென்று ஒரு பொதுக் குழு எப்போதும் இருக்கும். அதை யாராலும் அழிக்க முடியாது. 2005-இல் சோலாரிஸ் 10 வந்தபோது, பின்னணியில் இடைவிடாமல் கண்காணித்துக்கொண்டிருந்து, நெருக்கடி எங்கே, ஓய்வு எங்கே என்று பார்த்து, அந்த எல்லைகளை மீறாமல் செயலிகளைக் குழு விட்டுக் குழு நகர்த்தும் ஊழியன் ஒருவனையும் கூடவே அனுப்பினார்கள்.

காட்டுமன்னார்கோயில் வட்டாரத்து விவசாயி ஒருவரிடம் இந்த ஏற்பாட்டைச் சொன்னால் அவர் ஆச்சரியப்பட மாட்டார். கொள்ளிடத்தின் குறுக்கே 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணையிலிருந்து வடவாற்றின் வழியாக வந்து, முதலாம் பராந்தகன் காலத்தில் அவனது வீரநாராயணன் என்ற பட்டப் பெயரால் அமைந்த வீராணம் ஏரியில் தேங்கும் நீர், ஒரு பக்கம் மதகுகளின் வழியே வயல்களுக்கும், 2004 முதல் மறுபக்கம் இருநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட குழாய் வழியே சென்னை நகரின் குடத்துக்கும் போகிறது. யாருக்கு எவ்வளவு உறுதி, யாருக்கு மிச்சம், ஏரியின் மட்டம் எவ்வளவு இறங்கினால் யார் முதலில் விட்டுக்கொடுப்பது என்பவை அங்கே எப்போதும் சூடான கேள்விகள். ஆனால் ஒப்புமை ஓரிடத்தில் முறிகிறது, முறியும் இடமே கவனிக்கத் தக்கது. ஏரியில் இன்று திறக்காத நீர் நாளைக்கு இருக்கும். செயலியின் இன்றைய ஓய்வு நாளைக்கு உதவாது. உபயோகிக்காத ஒவ்வொரு நொடியும் அந்த நொடியிலேயே வீணாகிவிடும். ஆகவே ஒரு பணிக்கென்று அளவுக்கு மீறி ஒதுக்கிவைக்கும் நிர்வாகி, எதையும் சேமிக்கவில்லை. பிறர் உண்ணாதபடி தட்டை மூடிவைத்திருக்கிறார், அவ்வளவே. கீழ் எல்லையைச் சிறிதாகவும் மேல் எல்லையைத் தாராளமாகவும் வைப்பதே புத்திசாலித்தனம் என்று அனுபவஸ்தர்கள் சொல்வதன் காரணம் இதுதான்.

இனிச் சேமிப்புக்கு வருவோம். சோலாரிஸில் இந்த ஏற்பாட்டுக்கு இரண்டு உருவங்கள் உண்டு. கெர்னலின் நினைவில் இருந்துகொண்டு இந்தக் கணத்தில் யந்திரத்தை ஆள்வது ஒன்று. அதை ஓடும் ஏற்பாடு என்போம். வட்டில், ‘ஈடிசி’ என்ற அடைவினுள், ‘பூலாட்ம்.கான்ஃப்’ என்ற பெயரில், எக்ஸ்.எம்.எல். என்னும் வரிவடிவத்தில் எழுதப்பட்டுக் கிடக்கும் கோப்பு மற்றொன்று. இதை எழுதிவைத்த ஏற்பாடு என்போம். ‘பூலாட்ம்’ என்ற கட்டளை இவ்விரண்டுக்கும் இடையே உள்ள பாலம். அதனுடன் ‘எஸ்’ என்ற எழுத்தைச் சேர்த்துக் கொடுத்தால் ஓடும் ஏற்பாடு அப்படியே கோப்பில் பதிவாகும். ‘சி’ சேர்த்தால் கோப்பில் உள்ளது யந்திரத்தின் மேல் அமலாகும். ‘என்’ என்பதையும் கூடவே சேர்த்தால் அமல் செய்யாமலே, இந்தக் கோப்பு இந்த யந்திரத்துக்குப் பொருந்துமா என்று மட்டும் பரீட்சித்துச் சொல்லும். யந்திரம் புதிதாக எழும்போது, பூல் வசதி இயக்கப்பட்டிருந்தால், வட்டில் உள்ள கோப்பைத் தேடி எடுத்து அமல் செய்துகொள்ளும்.

ஒரு கேள்வி எழுவது இயற்கை. இவ்வளவு சாமர்த்தியமாகச் செய்தவர்கள், நிர்வாகி செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் அந்தக் கணத்திலேயே யந்திரம் தானாகக் கோப்பில் எழுதிக்கொள்ளும்படி ஏன் செய்யவில்லை? கைபேசியில் எதையும் சேமிக்கச் சொல்லாமலே அது சேமித்துக்கொள்கிறதே என்று இன்றைய தலைமுறை கேட்கும். மறதியால் வரும் நஷ்டத்தை மட்டும் பார்த்தால் கேள்வி நியாயமானது. ஆனால் மறதியால் வரும் லாபம் ஒன்று உண்டு. நடுராத்திரியில் ஏதோ ஒரு நெருக்கடியில், பொதுக் குழுவிலிருந்து செயலிகளை உருவி உருவி ஒரு பணிக்குக் கொடுத்துக்கொண்டே போன நிர்வாகி, கடைசியில் தன்னுடைய கட்டளைகளே நகர முடியாதபடி யந்திரத்தைத் திணற அடித்துவிட்டார் என்று கொள்வோம். மாற்றங்கள் கோப்பில் ஏறாமல் நினைவில் மட்டும் இருக்கும்வரை, யந்திரத்தை நிறுத்தி எழுப்பினால் போதும். அது கடைசியாக யாரோ நிதானமாக யோசித்து எழுதிவைத்த நிலைக்குத் திரும்பிவிடும். தானாகச் சேமிக்கும் யந்திரமோ, அந்தத் தவற்றையே விசுவாசத்தோடு திரும்பத் திரும்ப எழுப்பிக் கொடுக்கும். ஓடவிட்டுப் பார்த்து, சரி என்று மனம் ஒப்பிய பிறகு எழுதிவைப்பது என்ற இந்த இரட்டை முறையைச் சன் கம்பெனியார் மட்டும் கையாளவில்லை. இணையப் பாதைகளை இணைக்கும் ரவுட்டர் யந்திரங்களிலும் ஓடும் கட்டளைத் தொகுதி வேறு, துவங்கும் கட்டளைத் தொகுதி வேறு என்று நெடுங்காலமாக இருந்துவருகிறது. அங்கேயும், தூரத்து ஊரிலுள்ள ரவுட்டரில் தவறான கட்டளை கொடுத்துத் தன் இணைப்பையே துண்டித்துக்கொண்ட எத்தனையோ பொறியாளர்களை, அதைச் சேமிக்காமல் விட்டதுதான் காப்பாற்றியிருக்கிறது.

ஆகையால் சேமிப்பது என்பது எழுத்தர் வேலை அன்று. தீர்ப்புச் சொல்லும் வேலை. ‘இதுவே இந்த யந்திரத்தின் இயல்பான நிலை’ என்று உறுதிகூறும் செயல். இதை உணராமல், எது செய்தாலும் கடைசியில் ‘எஸ்’ தட்டிவிட்டு எழுந்திருப்பது ஒரு பழக்கமாகிவிட்டால் வரும் தொல்லை, சேமிக்க மறந்ததால் வரும் தொல்லைக்குக் குறைந்ததல்ல. நம்முடைய உதாரணத்தில் பரீட்சை முடிவு வெளியாகும் நாளன்று ஓத ஆராய்ச்சியின் மேல் எல்லையைப் பதினாறிலிருந்து நான்காகக் குறைத்து, மிச்சத்தை முடிவுப் பணிக்கு விட்டுக்கொடுக்கிறார்கள். அன்றைக்கு அது சரியான காரியம். மாலையில் கூட்டம் கலைந்ததும் பழையபடி மாற்ற வேண்டியது. அதற்கு முன்பே யாரோ பழக்க தோஷத்தால் சேமித்துவிடுகிறார். மறுநாள் வேறொருவர் எல்லையைக் கையால் மாற்றிச் சரிசெய்கிறார், ஆனால் சேமிக்கவில்லை. மாதங்கள் கழித்து, ஐப்பசி மழையில் மின்சாரம் போய், மின்கலமும் தீர்ந்து, ஜெனரேட்டர் எழுந்து, சர்வர் துவங்கும்போது, அந்த ஒருநாள் ஏற்பாடு சட்டமாகி எழுந்து நிற்கிறது. ஆராய்ச்சி மாணவரின் கணிதம் நாலில் ஒரு பங்கு வேகத்தில் ஊர்கிறது. பிழை என்று எந்தச் செய்தியும் வராது, ஏனென்றால் யந்திரத்தின் நோக்கில் பிழை ஏதும் இல்லை. எதுவும் உடைந்துபோகாமல் ஏற்படும் இவ்வகைக் கோளாறுகளைக் கண்டுபிடிப்பதே கடினம்.

இதைத் தவிர்க்கும் உபாயங்கள் சாதாரணமானவை. பெயர் எதுவும் குறிப்பிடாமல் ‘எஸ்’ கொடுத்தால் பழைய கோப்பின் மேலேயே எழுதிவிடும். வேறொரு கோப்பின் பெயரைக் கொடுத்தால் அங்கே எழுதும். முதலில் தேதியிட்ட ஒரு தனிக் கோப்பில் எழுதி, நடப்பிலுள்ள கோப்போடு ஒப்பிட்டுப் பார்த்து, வித்தியாசம் என்ன என்பதைக் கண்ணால் கண்ட பிறகு மாற்றுவது நல்லது. தற்காலிகமானவற்றைத் தற்காலிகம் என்றே யந்திரத்துக்குத் தெரிவிக்கும் வழியும் உண்டு. சோலாரிஸ் 10-இல், ஒரு யந்திரத்தினுள்ளேயே தனி யந்திரம்போல் இயங்கும் ‘ஸோன்’ என்ற தடுப்பறைகளுக்குச் செயலிகளைப் பிரத்தியேகமாக ஒதுக்கும்போது, ஸோன் துவங்கும் சமயத்தில் ஒரு தற்காலிக பூல் பிறந்து, ஸோன் நிற்கும்போது மறைந்துவிடும். தற்காலிகம் என்ற முத்திரை அதன்மேல் இருப்பதால் நிரந்தரக் கோப்பில் அது இடம்பெற முடியாது. மறக்க வேண்டியதை மறக்கும்படி யந்திரத்துக்கே கற்பித்திருக்கும் இந்த நுட்பம் எனக்கு மிகவும் பிடித்தது.

எழுதிவைத்தது எழும் நாளில் யந்திரம் பழைய யந்திரமாகவே இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. இடைக்காலத்தில் ஒரு செயலிப் பலகை பழுதாகி எடுக்கப்பட்டிருக்கலாம், புதியது சேர்ந்திருக்கலாம். செயலிகளின் எண்களைக் கணக்காக எழுதிவைத்து ‘ஏழாவது செயலி இன்னாருக்கு’ என்று சொல்லும் முறை இங்கேதான் தோற்கிறது, எல்லைகளாகச் சொல்லும் முறை இங்கேதான் வெல்கிறது. கோப்பை அமல் செய்யும் சமயத்தில் ஒவ்வொரு குழுவுக்கும் கீழ் எல்லை நிறைவேறுமா என்று முதலில் பார்க்கப்படும். நிறைவேறினால் மிச்சம் பங்கிடப்படும். கீழ் எல்லைகளின் கூட்டுத்தொகை இருக்கும் செயலிகளைவிட மிகுந்துவிட்டாலோ, கோப்பு முழுவதுமே நிராகரிக்கப்படும். பாதி அமல், பாதி தள்ளுபடி என்பது கிடையாது. முப்பத்திரண்டு செயலிகளையும் கீழ் எல்லைகளாகவே பிரித்துக் கொடுத்துவிட்ட தாராள மனசுக்காரர், ஒரே ஒரு செயலி குறைந்த அன்றைக்கு எல்லாப் பங்கீட்டையும் இழந்து நிற்பார். அப்படிச் சில செயலிகள் ஒரு குழுவிலேயே அசையாமல் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் மெய்யாகவே இருந்தால், அவற்றை மட்டும் ஆணியடித்ததுபோல் நிறுத்திவைக்கும் ஒரு குறியும் உண்டு. அதை அளவோடு பிரயோகிப்பது நல்லது.

சன் கம்பெனியை 2010-இல் ஆரக்கிள் வாங்கிக்கொண்டது. சோலாரிஸ் இன்னும் சில வங்கிகளிலும் தொலைபேசி நிலையங்களிலும் ஓடினாலும், உலகின் பெரும்பாலான சர்வர்கள் இன்று லினக்ஸையே இயக்குகின்றன. 2022-இல் திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் நிறுவப்பட்ட ‘பரம் பொருள்’ வகையைச் சேர்ந்த யந்திரங்களும் லினக்ஸ் வழியினவே. செயலிகளைக் குழுவாகப் பிரிக்கும் வசதி லினக்ஸின் கெர்னலுக்குள் 2005-இல் வந்தது. 2008-இல் அதைவிட விரிவான ‘சி-குரூப்’ முறையின் ஓர் அங்கமாயிற்று. இங்கே சோலாரிஸில் இல்லாத ஒரு வஞ்சனை இருக்கிறது. குழு ஒன்றை உண்டாக்க ஓர் அடைவை உண்டாக்க வேண்டும். அதற்குச் செயலிகளைக் கொடுக்க, அந்த அடைவினுள் உள்ள ஒரு கோப்பில் எண்களை எழுத வேண்டும். பார்வைக்கு எல்லாம் சாதாரண அடைவு, சாதாரணக் கோப்பு. கோப்பில் எழுதியாயிற்று, ஆகவே அது வட்டில் இருக்கிறது என்று புதியவர் நிம்மதியடைகிறார். ஆனால் அந்த அடைவுமரம் முழுவதும் கெர்னல் தன் நினைவைக் காட்டுவதற்குப் போட்டுக்கொண்ட வேஷம். வட்டில் அதற்கு ஒரு புள்ளிகூட இல்லை. யந்திரம் நின்றால் மரமும் இல்லை, கோப்பும் இல்லை.

பிற்பாடு லினக்ஸின் துவக்கப் பணிகளையெல்லாம் ஏற்றுக்கொண்ட ‘சிஸ்டம்-டி’ இதற்குப் பரிகாரம் கண்டது, ஆனால் முற்றிலும் எதிர்த்திசையில். அதன் கட்டளையால் ஒரு பணிக்கு உரிய செயலிகளை மாற்றினால், அந்த மாற்றம் அப்போதே அமலாகி, அப்போதே வட்டிலும் எழுதப்பட்டுவிடும். மறு துவக்கம் வரைக்கும் மட்டும் போதும் என்றால் அதைத் தனியே சொல்ல வேண்டும். சோலாரிஸில் மறதி இயல்பு, ஞாபகம் கேட்டுப் பெறுவது. இங்கே ஞாபகம் இயல்பு, மறதி கேட்டுப் பெறுவது. எது மேல்? ஒரே நிர்வாகி ஒரே யந்திரத்தை நாள் முழுதும் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் பழைய முறையே மேல் என்று சொல்லத் தயங்க மாட்டேன். நூற்றுக்கணக்கான யந்திரங்களின் ஏற்பாடுகளை வேறோர் இடத்தில் நிரலாக எழுதிவைத்து அங்கிருந்தே எல்லாவற்றுக்கும் அனுப்பும் இன்றைய வழக்கத்தில், யந்திரத்தின் சொந்த ஞாபகம் என்பதே முக்கியமற்றுப் போய்க்கொண்டிருக்கிறது. ஆனாலும் அந்த வேறோர் இடமும் எங்கோ ஒரு வட்டுதான். அதிலும் யாரோ ஒருவர், ‘இதுவே இயல்பான நிலை’ என்று முடிவுசெய்து எழுதியாக வேண்டியிருக்கிறது.

சோலாரிஸின் அந்தக் கோப்பில், அதிகம் பேர் கவனிக்காத ஒரு சிறு வசதி உண்டு. யந்திரம் முழுவதற்கும், பூல் ஒவ்வொன்றுக்கும், செயலிக் குழு ஒவ்வொன்றுக்கும், தனித்தனியாக ஒரு குறிப்புரையை எழுதுவதற்கு அதில் இடம் விட்டிருக்கிறார்கள். யந்திரத்துக்கு அதனால் யாதொரு பிரயோஜனமும் இல்லை. கெர்னல் அதைப் பொருட்படுத்துவதில்லை. எட்டு என்ற எண் ஏன் எட்டு, யார் எந்தச் சமயத்தில் எந்தப் பணியை உத்தேசித்து அப்படி வைத்தார்கள், எப்போது அதை மாற்றலாம் என்பதையெல்லாம் அடுத்து வரும் நிர்வாகிக்குச் சொல்வதற்கான இடம் அது. நடைமுறையில் அந்தக் கட்டங்கள் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கின்றன. ‘பரீட்சை முடிவுக் காலத்துக்கு மட்டும்; ஜூன் மாதத்துக்குப் பின் பதினாறுக்குத் திருப்புக’ என்று ஒரே ஒரு வரி அங்கே இருந்திருந்தால், நம்முடைய ஓத ஆராய்ச்சி மாணவர் ஐப்பசியில் தம் கணிதத்தில் எங்கே பிழை என்று தேடிக்கொண்டிருந்திருக்க மாட்டார்.